பயணப் பெட்டி: அரை நாளில் அயுத்தயா?

தாய்லாந்தின் பழைய தலைநகரான அயுத்தயா பற்றிச் சென்ற இதழில் நான்கு வரி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களே ஒரு கட்டு. சிலவற்றுக்கு மட்டும் இங்கே பதில்.

பாங்காக்கில் நான்கு நாள் தங்குகிறோம். அயுத்தயாவுக்கு வேனில் அரை நாள் போய் வந்தால் போதும் என்கிறார் பயண முகவர். போதுமா?
– வாசகி, திண்டுக்கல்

போதாது. முதல் முறை நானும் அப்படித்தான் போனேன். ஏப்ரல் மாத உச்சி வெயில். விகாரைக்கு முப்பது நிமிடம் என்று கணக்கு. மூன்றாவது விகாரையில் என் மனைவி ஒரு மர நிழலில் உட்கார்ந்து, "இனி செங்கல்லைப் பார்க்க எழுந்திருக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். அவர்மேல் தப்பில்லை.

அடுத்த முறை ரயிலில் போனோம். ரயில்வேயில் முப்பது ஆண்டு குப்பை கொட்டியவன் வேறு எதில் போவேன்? பாங்காக்கிலிருந்து வடக்கே சுமார் 80 கிலோமீட்டர். மூன்றாம் வகுப்பு டிக்கெட் ஓர் இளநீர் விலைகூட இல்லை. நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் நேராக நடந்தால் பா சக் ஆறு. சின்னப் படகு அக்கரை சேர்க்கும். அந்த ஊருக்குள் அப்படித்தான் நுழைய வேண்டும். பா சக், லோப்புரி, சாவோ பிரயா ஆகிய மூன்று ஆறுகள் வளைத்த தீவில்தான் 1351-இல் தலைநகரை அமைத்தார்கள். வேனில் கண்ணயர்ந்தபடி பாலம் தாண்டுகிறவருக்கு அது தீவு என்றே தெரியாது.

ஓர் இரவு தங்குங்கள். காலையில் சைக்கிள், நடுப்பகலில் தூக்கம், மாலையில் தீவைச் சுற்றும் படகு. மேற்குக் கரையில் 1630-இல் எழுப்பிய வாட் சைவத்தனராம் விகாரைக்குப் பின்னால் சூரியன் இறங்கும்போது, செங்கல்லைப் பார்க்க மாட்டேன் என்றவர்தான் படகை நிறுத்தச் சொன்னார். டிசம்பர், ஜனவரி நல்ல மாதங்கள். மழைக்கால முடிவில் ஆறு பெருகும். 2011 வெள்ளத்தில் அந்த விகாரையே நீரில் நின்றது.

போய் வந்தேன். எங்கு பார்த்தாலும் மொட்டைச் செங்கல். தஞ்சைப் பெரிய கோயிலைப் பார்த்த கண்ணுக்கு இதில் என்ன இருக்கிறது?
– வாசகர், கும்பகோணம்

நமக்குக் கருங்கல் பார்த்துப் பழகிய கண். வண்டல் நிலத்துச் சயாம்காரர்களுக்கு, அதாவது பழைய தாய்லாந்துக்காரர்களுக்கு, கைக்கெட்டியது களிமண். செங்கல் அடுக்கி, சுண்ணாம்புச் சாந்து பூசி, அந்தச் சாந்தில்தான் உருவங்களை இழைத்தார்கள். 1767-இல் பர்மியப் படை ஊரைக் கொளுத்தியது, சாந்து உதிர்ந்தது. நீங்கள் பார்த்தது எலும்பு.

சதை கொஞ்சம் மிச்சமிருக்கும் இடம் வாட் ராட்சபுரண. அரியணைக்காக யானைமேல் ஏறி மோதிய அண்ணன் தம்பி இருவரும் செத்தார்கள். மூன்றாவது சகோதரர் அரசரானார். இருவரையும் எரித்த இடத்தில் 1424-இல் அவர் கட்டியது அது. கோபுரத்தில் சாந்துக் கருடன்கள் இன்றும் இறக்கை விரித்திருக்கின்றன. அடியில் இருந்த நிலவறையை 1957-இல் திருடர்கள் தோண்டினார்கள். அதிலிருந்து மீட்ட பொன் வாளும், கற்கள் பதித்த குட்டிப் பொன் யானையும் பக்கத்திலுள்ள சாவோ சாம் பிரயா அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. தப்பிப் பிழைத்த அந்த மூன்றாவது சகோதரரின் பெயர்தான் அருங்காட்சியகத்துக்கும். இதைப் பார்க்காமல் திரும்பியிருந்தால் உங்கள் கோபத்தைப் பாதிதான் ஏற்பேன்.

இன்னொன்று. புதிய தலைநகரான பாங்காக்கைக் கட்ட அயுத்தயாவின் செங்கல்லைப் பெயர்த்துப் படகேற்றினார்கள். அரச விகாரையில் 16 மீட்டர் உயரத்தில் பொன் போர்த்தி நின்ற புத்தரையும் பர்மியர் விடவில்லை. பொன்னை உருக்கி எடுத்துப் போனார்கள். எஞ்சிய உடல் பாங்காக் வாட் போவில், பச்சை ஓடு பதித்த ஒரு தூபிக்குள் இருக்கிறது. சயன புத்தரைப் பார்க்கப் போனபோது அதைக் கடந்துதான் போயிருப்பீர்கள்.

மர வேர்களுக்கு நடுவே புத்தர் தலை உள்ள படம் பார்த்தேன். அருகில் நின்று படம் எடுக்கலாமா?
– கல்லூரி மாணவர், மதுரை

வாட் மகாதாத்தில் இருக்கிறது. எடுக்கலாம், ஆனால் நின்று கூடாது. உங்கள் தலை புத்தரின் தலையைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும், குத்துக்காலிடுங்கள். தலையில்லாத சிலைகளின் கழுத்துக்குப் பின்னால் தன் தலையை நீட்டிப் படம் எடுத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அந்த வேலை வேண்டாம்.

அயுத்தயா என்பது அயோத்தியா? தமிழ்த் தொடர்பு உண்டா?
– வாசகர், காரைக்குடி

ராமனின் அயோத்திப் பெயரேதான். தமிழைக் கேட்க வேண்டுமானால் பாங்காக் போக வேண்டும்: அரசவை அந்தணர்கள் மார்கழி, தை வாக்கில் நடத்தும் 'திரியம்பாவாய்' விழாவில் ஓதுவது நம் திருவெம்பாவை.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?
– வாசகி, திருநெல்வேலி

தேட வேண்டும். காய்கறிப் பொரியலிலும் மீன் சாறு விடுவார்கள். "ஜே" என்று கேளுங்கள். வெங்காயம், பூண்டுகூட இருக்காது. மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்துப் போட்ட கடை கண்ணில் பட்டால் நுழைந்துவிடலாம். கிடைக்காத வேளைக்கு 'ரோட்டி சாய் மாய்' இருக்கிறது: பஞ்சு மிட்டாய் போன்ற இனிப்பு நூலை மெல்லிய ரொட்டியில் சுருட்டித் தருவது. அயுத்தயா முஸ்லிம்களின் கைப்பக்குவம். என் மனைவி இரண்டு பொட்டலம் வாங்கினார். ரயில் ஏறும்போது ஒன்றுதான் இருந்தது.