செட் தோசையும் செட் ஆகும் சிமெண்டும்

அன்புள்ள ஐயா,

பதினொன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள் ஒரு தேர்வுக்காக 'செட்' என்ற ஆங்கிலச் சொல்லின் நாற்பது அர்த்தங்களை மனப்பாடம் செய்கிறாள். முப்பதைத் தாண்டினால் முதல் பத்து மறந்துபோகிறது. எவற்றைப் படித்தால் போதும்? ஒரே சொல்லை இத்தனை வேலைக்கு வைத்திருக்கும் மொழி ஏழை மொழிதானே?
— ஒரு வாசகர், பெரம்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

ஏழையா வளமா என்ற பட்டிமன்றம் வேண்டாம். நாமும்தான் பஸ் பிடிக்கிறோம், அடம் பிடிக்கிறோம். நமக்குச் சளியும் பிடிக்கிறது.

1989-இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் இரண்டாம் பதிப்பு 'செட்'டுக்கு 430 பொருள் தருகிறது. இதையெல்லாம் ஒரு பிள்ளை நெட்டுரு போடுவதா? பெற்றவர் நீங்கள் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கலாமா?

அந்த வினையின் அடியில் இருப்பது ஒன்றுதான்: உட்காரவைப்பது. பழைய ஆங்கிலத்தில் அதுதான் பொருள். என் அப்பா வடபழனியில் சினிமா செட் போடும் தச்சர். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படித்தவரல்ல. கதவு நிலையில் சரியாக 'உட்காரணும்' என்பார். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைக் கரைத்து அச்சில் ஊற்றியதும் நான் கை நீட்டுவேன். "தொடாதடா, செட் ஆகட்டும்!" கொஞ்ச நேரம் கழித்து அவரே என் உள்ளங்கையை அச்சின்மேல் வைப்பார். வெதுவெதுவென்று இருக்கும். "சூடு வருது பார், இப்பதான் உட்காருது." ரம்பப் பற்களை ஒன்றுவிட்டு ஒன்று இடமும் வலமுமாக வளைத்துவைப்பார். வெட்டு அகலமாக விழும், ரம்பம் மரத்தில் சிக்காது. அந்த வளைவுக்கும் ஆங்கிலத்தில் 'செட்' என்றுதான் பெயர். சூரியன் இறங்குவது, முறிந்த எலும்பைப் பொருத்துவது, அலாரம் வைப்பது எல்லாம் இந்த வகைதான். அப்பாவுக்குப் பட்டியல் தேவைப்படவில்லை. கையில் பொருள் இருந்தது.

செட் தோசை, நகை செட், 'எங்க செட்டுப் பசங்க' இவையெல்லாம் வேறு வழி. லத்தீன் 'செக்டா'விலிருந்து பிரெஞ்சு மூலமாக வந்த சொல் அது. உச்சரிப்பு ஒன்றாகிவிட்டதால் இரண்டும் ஒரே வீட்டில் குடியேறிவிட்டன. இதை எந்தப் பட்டியலும் குழந்தைக்குச் சொல்வதில்லை, அதுதான் எனக்குக் கோபம்.

சரி, அந்த நோட்டை இன்றே எடுத்து ஒதுக்கிவையுங்கள். சாயங்காலம் அவளோடு ஆங்கிலப் பேப்பரைப் பிரியுங்கள். 'செட்' வருகிற இடத்தில் யார் எதை எங்கே உட்காரவைக்கிறார்கள் என்று கேளுங்கள். இரண்டு வகையிலும் அடங்காத வாக்கியம் கிடைத்தால் அவளையே எனக்கு எழுதச் சொல்லுங்கள்.