அன்றாடப் பொருள் ஒன்று நம் வாழ்க்கையை எதிர்பாராத விதத்தில் மாற்றியதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு எது?

இந்தக் கேள்விக்குக் கைபேசியையும் இணையத்தையும் பலர் குறிப்பிடக்கூடும். தமிழ்நாட்டைப் பொறுத்தவரை என் பதில், மாவு ஆட்டும் கிரைண்டர். பெண்களின் வேலையைக் குறைக்க வந்த இயந்திரம் என்றே அதைப் பற்றிச் சொல்வது வழக்கம். ஆனால் வேலை குறைந்ததைவிட, நாம் அன்றாடம் சாப்பிடும் உணவே மாறிப்போனதுதான் அதன் பெரிய விளைவு என்று நான் கருதுகிறேன்.

ஆட்டுக்கல்லில் மாவு ஆட்டுவதை இன்றைய இளைஞர்களில் பலர் பார்த்தே இருக்கமாட்டார்கள். ஒரு காலை மடக்கி, மறு காலை நீட்டித் தரையில் உட்கார்ந்து, ஒரு கையால் குழவியைச் சுற்றிக்கொண்டே, விளிம்பில் ஏறி வரும் மாவை மறு கையால் குழிக்குள் தள்ளிவிட வேண்டும். உளுந்துக்குத் தண்ணீரை அவ்வப்போது தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரேயடியாக ஊற்றிவிட்டால் மாவு பொங்காது, இட்லி தட்டையாகிவிடும். பெரிய குடும்பத்துக்கு அரிசியும் உளுந்தும் ஆட்டி வழித்தெடுப்பதற்குள் மணிக்கணக்கில் ஆகிவிடும். என் பாட்டிக்கு வலது தோள்பட்டை வலி கடைசிவரை தீரவில்லை. அது ஆட்டுக்கல் கொடுத்த வலி என்றுதான் அவர் சொல்வார்.

இவ்வளவு உழைப்பைக் கேட்டதால், எத்தனையோ வீடுகளில் இட்லியும் தோசையும் தீபாவளி, பொங்கல் நாட்களிலும் விருந்தாளிகள் வந்தபோதும் மட்டுமே கிடைத்தன. மற்ற நாட்களில் காலையில் பழைய சோறோ கம்பங்கூழோ கேழ்வரகுக் களியோதான்.

பஞ்சாலைகளும் மோட்டார் பம்ப் பட்டறைகளும் நிறைந்த கோயம்புத்தூரில், 1955இல் பி. சபாபதி என்பவர் முதல் கிரைண்டரை உருவாக்கினார். ஆட்டுக்கல்லில் கல் அசையாமல் நிற்க, குழவி சுழலும்; கிரைண்டரிலோ குழவி நின்ற இடத்தில் நிற்க, மோட்டார் கல்லைச் சுழற்றுகிறது. கையசைவை அப்படியே இயந்திரத்துக்குக் கொண்டுவர முயலாமல் அதைத் தலைகீழாக்கிய இந்த யோசனை, எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. மிக்சி வந்த பிறகும் கிரைண்டரின் இடம் பறிபோகாததற்குக் கல்லின் நிதானமே காரணம். மிக்சியின் பிளேடு அதிவேகத்தில் சுழன்று மாவைச் சூடாக்கிவிடுகிறது; கல்லோ மெதுவாகச் சுழன்று, மாவு சூடேறாமல், உளுந்தைக் காற்றோட்டமாக அரைத்துத் தருவதால் மாவு நன்றாகப் புளித்துப் பொங்குகிறது.

முதலில் ஹோட்டல்களுக்கும், ஊறவைத்த அரிசியைப் பாத்திரத்தில் கொண்டுபோய்க் கொடுத்தால் கூலிக்கு ஆட்டித் தரும் கடைகளுக்கும் போன கிரைண்டர், பின்னர் வீடுகளுக்குள் வந்தது. அது தனியாக எல்லாவற்றையும் மாற்றிவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ரேஷன் கடையின் மலிவான புழுங்கல் அரிசி ஒருபுறமும், ஆட்டிய மாவைச் சில நாட்கள் வைத்திருக்க உதவிய ஃபிரிட்ஜ் மறுபுறமும் சேர்ந்துகொண்டன. பண்டிகைப் பலகாரமாக இருந்த இட்லி, ‘வேறு ஒன்றும் செய்ய நேரமில்லை, இட்லி ஊற்றிவிடலாம்’ என்று சொல்லும் அளவுக்கு எளிய உணவாகிவிட்டது. இரவுச் சாப்பாடு பல வீடுகளில் சோற்றிலிருந்து தோசைக்கு மாறியதும் இப்படித்தான்.

யாரும் எதிர்பார்க்காதது அடுத்து நடந்தது. மாவு விற்பனைப் பொருளாயிற்று. வீட்டில் ஒரு கிரைண்டரை வைத்துக்கொண்டு, அதிகாலையிலேயே ஆட்டி, பாக்கெட் போட்டு, அக்கம்பக்கத்துக்கும் மளிகைக் கடைக்கும் கொடுத்துக் குடும்பத்தை நடத்தும் பெண்களை நம் ஊர்களில் சாதாரணமாகப் பார்க்கலாம். தமிழ்நாடு அரசு 2011இல் மிக்சி, மின்விசிறியோடு கிரைண்டரையும் விலையில்லாமல் வழங்கத் தொடங்கியபோது, அதை வெறும் இலவசம் என்று விமர்சித்தவர்கள் இந்தப் பெண்களை எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். யார் கை பட்ட உணவு என்று பார்த்துப் பார்த்துச் சாப்பிட்ட ஒரு சமூகத்தில், யார் ஆட்டியது என்று கேட்காமலேயே ஈரமாவை வாங்கிப்போகும் பழக்கம் வந்ததை நான் சிறிய மாற்றமாக நினைக்கவில்லை. சாதியை அது ஒழித்துவிடவில்லைதான். ஆனாலும் எந்தப் பிரசாரமும் இல்லாமல் ஒரு பழைய கேள்வி அடுப்படியிலிருந்து வெளியேறியிருக்கிறது.

இழந்தவர்களும் உண்டு. ‘அம்மி கொத்தலையோ, ஆட்டுக்கல் கொத்தலையோ’ என்று கூவிக்கொண்டு, உளியும் சுத்தியலுமாகத் தெருத்தெருவாக வந்தவர்களுக்கு அந்த வேலை அநேகமாக இல்லாமல் போய்விட்டது. அவர்களுக்காக எந்தத் திட்டமும் வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

இப்போது கிரைண்டரே சமையலறையைவிட்டு வெளியேறிக்கொண்டிருக்கிறது. எங்கள் தெருவில் பல வீடுகளில் அது பரணில்தான் இருக்கிறது. இரண்டு பேர் மட்டும் இருக்கும் வீட்டில் கல்லையும் குழவியையும் கழற்றிக் கழுவிக் காயவைப்பதே பெரிய வேலையாகத் தெரிவதால், அவர்களும் கடைக்குப் போய் ஒரு பாக்கெட் மாவு வாங்கிவந்துவிடுகிறார்கள்.