அருங்காட்சியகம், நூலகம், பண்பாட்டு மையம் இவற்றைக் கேளிக்கைப் பூங்கா மாதிரி மாற்றி யோசித்தால் மலேசியாவில் நம் தமிழ் ஆட்கள் வருவார்களா?

வருவார்கள். ஆனால் எதை இரவல் வாங்குகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கேளிக்கை என்றதும் பெரிய திரையும் வண்ண விளக்கும்தான் பலருக்குத் தோன்றும். காசு இருந்தால் அவற்றை வாங்கி மாட்டிவிடலாம், கொஞ்ச நாளில் பழசாகியும் போகும். நான் இரவல் கேட்பது வேறு. ராத்திரி வரை திறந்திருக்க வேண்டும். சும்மா உள்ளே நுழைய விட வேண்டும். சாப்பிட்டுக்கொண்டே சுற்றலாம், ஒன்று பிடிக்கவில்லையா, பக்கத்து மேடைக்கு நகர்ந்துவிடலாம் என்று இருக்க வேண்டும்.

இதற்குக் கோலாலம்பூரிலேயே முன்னோடி உண்டு. இன்று சுங்கை வாங் பிளாசா நிற்கும் பகுதியில் 1970களின் தொடக்கம் வரை புக்கிட் பிந்தாங் பார்க் இருந்தது. பெரியவர்கள் பி.பி. பார்க் என்பார்கள். பங்சாவான் என்னும் மலாய் இசை நாடகம், சினிமா, ஜோகெட் என்னும் மலாய் நடனத்துக்கு மேடை, சாப்பாட்டுக் கடைகள் எல்லாம் ஒரே வளாகத்தில். ஜோகெட் ஆட கூப்பன் வாங்க வேண்டும், ஆட்டத்துக்கு ஒன்று. என் பெரியப்பா மலாய் நாடகம் பார்க்க வேண்டும் என்று ஒருநாளும் வீட்டைவிட்டுக் கிளம்பியவர் இல்லை. மீ கோரெங் (பிரட்டிய நூடுல்ஸ்) சாப்பிடப் போவார், அப்படியே நின்று பார்ப்பார். பங்சாவான் பாட்டு ஒன்றிரண்டை இப்போதும் முணுமுணுக்கிறார். ஒரு பண்பாட்டு மையம் செய்ய வேண்டிய வேலையை அந்த இடம் அறிவிப்புப் பலகை எதுவும் இல்லாமல் செய்திருக்கிறது.

லண்டனில் 1960களில் நாடக இயக்குநர் ஜோன் லிட்டில்வுட்டும் கட்டடக் கலைஞர் செட்ரிக் பிரைஸும் 'ஃபன் பேலஸ்' என்று ஒன்றை வரைந்தார்கள். ஒரு பெரிய இரும்புச் சட்டம். அதற்குள் அறை, மேடை, திரை எல்லாவற்றையும் கிரேன் கொண்டு தேவைக்கேற்ப நகர்த்திக்கொள்ளலாம். வருகிறவர் ஏதாவது கற்றுக்கொள்ளலாம், ஆடலாம், அடுத்தவர் செய்வதை வேடிக்கையும் பார்க்கலாம். அது கட்டப்படவே இல்லை. ஆனாலும் 1977இல் பாரிஸில் திறந்த பொம்பிடு மையத்தில் அதன் சாயலைப் பார்க்கலாம். இந்த மாதிரிக் கற்பனை வரைபடங்களை வீண்வேலை என்று நான் ஒதுக்காததற்குக் காரணம் இதுதான். அதே லண்டனின் கிழக்குப் பகுதியில் பழைய நூலகங்களுக்குப் பதிலாக 'ஐடியா ஸ்டோர்' என்ற பெயரில் கடை போன்ற நூலகங்களைக் கொண்டுவந்தார்கள். வைட்சேப்பலில் 2005இல் திறந்தது சந்தைக் கடைகளை ஒட்டியே இருக்கிறது.

சரி, நம் கதைக்கு வருவோம். கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் ஒரு ரப்பர்த் தோட்ட வாழ்க்கைக் காட்சியகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமான முறையில் செய்தால் ரப்பர் மரத்தில் பால் வெட்டும் கத்தியும், பால் வடியும் கிண்ணமான மங்கும், பால் சுமக்கும் காண்டா வாளியும் கண்ணாடிப் பெட்டிக்குள் போய்விடும். பக்கத்தில் 'தொடாதீர்கள்' என்று எழுதியிருக்கும். வேலைக்குப் போகிறவர்கள் வந்து சேர்வதற்குள் கதவைப் பூட்டிவிடுவார்கள்.

நான் கற்பனை செய்வது மாலையில் திறந்து நள்ளிரவில் மூடும் இடம். நுழைவு இலவசம், உள்ளே கூப்பன். ஒரு கூப்பனைக் கொடுத்தால், பால் வெட்டி ஓய்வுபெற்ற ஓர் அக்கா உங்கள் கையில் கத்தியைக் கொடுத்து ரப்பர் மரத்துண்டின் முன்னால் நிறுத்துவார். இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே சரிய வேண்டும். சீவுகிற பட்டை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கனத்துக்கு மேல் போகக்கூடாது. "அழுத்தாத தம்பி, இழு" என்பார். நீங்கள் அழுத்தத்தான் செய்வீர்கள், கத்தி மரக்கட்டையைத் தொட்டுவிடும். உயிர்மரமாக இருந்தால் காயம்பட்ட இடத்தில் பட்டை மறுபடி சீராக வளராது, அப்புறம் கங்காணியிடம் ஏச்சு. விடியற்காலை இருட்டில் நூற்றுக்கணக்கான மரங்களுக்கு இந்தக் கணக்குத் தப்பாமல் சீவிய கை எப்படிப்பட்டது என்று அந்த இடத்தில்தான் உறைக்கும்.

இன்னொரு பக்கம் திடலில் வெள்ளைத்துணி கட்டி, தோட்டத்தில் காட்டிய மாதிரியே படம். இடைவேளை கட்டாயம். அந்த நேரத்தில் யாராவது ஒருவர் பழைய கடிதம் ஒன்றை வாசிக்கட்டும். முன்பு தியேட்டர் வாசல்களில் நின்ற கச்சாங் பூத்தே (கடலை) விற்பவருக்கும் ஒரு தள்ளுவண்டி இடம்.

இதற்கான விதைகள் இங்கே ஏற்கெனவே உண்டு. நடனமும் இசையும் சொல்லித்தரும் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸுக்கு அன்னலட்சுமி உணவகம் இருக்கிறது. சாப்பிட வந்து சலங்கைச் சத்தம் கேட்டுப் பிள்ளையைப் பரதத்தில் சேர்த்தவர்களை எனக்குத் தெரியும். ஜாலான் சுல்தானில் பழைய ரெக்ஸ் தியேட்டர் 2019 முதல் கலைக்கூடமாக இயங்குகிறது. மாறாக, தமிழ்ப் படம் ஓடிக்கொண்டிருந்த கொலீசியம் தியேட்டரை எடுத்துப் பாரம்பரிய மையமாக்கப் போவதாக 2006இல் அரசு அறிவித்தபோது எதிர்ப்புக் கிளம்பியது. எதிர்த்தவர்கள் பக்கம்தான் நான். தலைமுறை தலைமுறையாக மக்கள் தாங்களாகவே வந்துபோகும் இடத்தைவிடப் பெரிய பாரம்பரிய மையம் எது?

இரவல் வாங்கவே கூடாத ஒன்றும் இருக்கிறது: கல்லாப்பெட்டிக் கணக்கு. விற்காத கடையைப் பேரங்காடி காலி செய்யச் சொல்லும். ஆண்டு முழுக்க ஒருவரும் திறக்காத ஆவணப்பெட்டியைக் காட்சியகம் அப்படிச் செய்யக்கூடாது. பி.பி. பார்க் இருந்த இடத்தில் இன்று கடைகள் இருப்பதையும் மறக்க வேண்டாம். நிலம் ஓர் அறக்கட்டளையின் பெயரில் இருந்தால் மட்டுமே இதெல்லாம் நிற்கும்.

கட்டடத்துக்குக் காத்திருக்கவும் தேவையில்லை. பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) ஒரு கடை வாடகைக்கு எடுங்கள். இரண்டு மேசை, ஒரு மரத்துண்டு, வீட்டுப் பழைய படங்களை அங்கேயே ஸ்கேன் செய்து கொடுக்க ஒரு பையன், இவ்வளவு போதும். யாராவது தொடங்குவதாக இருந்தால் இங்கே கருத்தில் சொல்லுங்கள். கத்தி பிடிக்கச் சொல்லித்தர என் அம்மாவை அழைத்து வருகிறேன், கோல சிலாங்கூர் பக்கம் பால் வெட்டியவர்.