மயோசிட்டிஸ் (தசை அழற்சி) இருப்பவருக்கு ட்ரோபோனின் கூடினால் மாரடைப்பு என்று அர்த்தமா?

கேள்வி: அம்மாவுக்கு 52 வயது. டெர்மடோமயோசிட்டிஸ் (தோலையும் தாக்கும் மயோசிட்டிஸ் வகை) என்று சொல்லி சில மாதங்களாக ஸ்டீராய்டும் மெத்தோட்ரெக்ஸேட்டும் சாப்பிடுகிறார். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று காட்டப் போனோம். ரத்தத்தில் ட்ரோபோனின் டி (இதயத்தசை சேதத்தைக் கண்டறியப் பார்க்கும் புரதம்) அதிகம், இசிஜியும் எக்கோவும் நார்மல். ஒரு டாக்டர் மாரடைப்பாக இருக்கலாம், ஆஞ்சியோ பார்க்கலாம் என்கிறார். இன்னொருவர் தசை நோயால் வந்ததுதான், விட்டுவிடுங்கள் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: முதலில் ட்ரோபோனின் ஐ பரிசோதனையைச் செய்யச் சொல்லுங்கள். டி அல்ல, ஐ. இந்த ஒரு பரிசோதனையிலேயே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

அழற்சியால் சிதைந்த கை கால் தசை தன்னைச் சரிசெய்துகொள்ளும்போது, கருவில் இருந்த காலத்தில் உண்டாக்கிய சில புரதங்களை மறுபடியும் உண்டாக்கத் தொடங்குகிறது, அதில் ட்ரோபோனின் டி-யும் ஒன்று என்பதால் இதயத்துக்கு ஒன்றுமே ஆகாதபோதும் அது ரத்தத்தில் கூடுதலாகத் தெரியும். இதய சேதத்தைப் பார்க்கும் இன்னொரு ரத்தப் பரிசோதனையான சிகே-எம்பி-யிலும் இதே சிக்கல்தான். இதய ட்ரோபோனின் ஐ அப்படியல்ல, அது கிட்டத்தட்ட இதயத்தசைக்கே உரியது. சில மணி நேர இடைவெளியில் இரண்டு முறை எடுத்துப் பார்ப்பதும் முக்கியம், மாரடைப்பு என்றால் எண் மளமளவென்று ஏறி இறங்கும், தசை நோயில் வாரக்கணக்கில் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கும்.

ஐ நார்மல் என்றால் இதயத்தசை சேதமடைந்திருக்க வாய்ப்பு குறைவு. அதுவும் கூடியிருந்தால் "விட்டுவிடுங்கள்" என்ற பேச்சுக்கே இடமில்லை. இந்த நோய் இதயத்தசையையும் தாக்கும், பல பேருக்கு வெளியே ஒரு அறிகுறியும் தெரியாமலே தாக்கும், அதனால்தான் எனக்கு இதில் இவ்வளவு கவலை. எக்கோ நார்மல் என்பதை மட்டும் வைத்து நிம்மதியாகிவிடாதீர்கள். இதயம் எவ்வளவு நன்றாகப் பம்ப் செய்கிறது என்பதைத்தான் அது முக்கியமாகக் காட்டும், பம்ப் குறைவதற்கு முன்பே தசைக்குள் வீக்கமும் தழும்பும் வந்திருக்கலாம். அதைப் பார்க்க இதய எம்ஆர்ஐ வேண்டும். துடிப்புக் கோளாறுகள் வந்து வந்து போகும் என்பதால் 24 மணி நேர ஹோல்டரும் (உடலில் மாட்டிக்கொண்டே இருக்கும் இசிஜி கருவி) கேளுங்கள்.

ஆஞ்சியோ சொன்ன டாக்டரையும் தவறு என்று ஒதுக்க மாட்டேன். நீண்ட நாள் அழற்சியும், ஸ்டீராய்டு ஏற்றிவிடும் பிரஷர், சர்க்கரை, கொழுப்பும் சேர்ந்து இவர்களுக்கு இதய ரத்தக்குழாய் அடைப்பு வரும் வாய்ப்பைக் கூட்டுகின்றன. நெஞ்சுவலி இல்லை, ஐ-யும் நார்மல் என்றால் அவசரம் இல்லை, அவ்வளவுதான்.

அப்புறம் அந்த மூச்சு வாங்கல். அதற்கு நுரையீரலும் காரணமாக இருக்கலாம், இந்த நோயில் நுரையீரல் திசு தடிப்பது சகஜம். மார்பு சிடி ஸ்கேனும் மூச்சுத்திறன் பரிசோதனையும் செய்தாகிவிட்டதா? மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றால் உதரவிதானமே பலவீனமாக இருக்கலாம், இதயமும் காரணமாக இருக்கலாம். ஆன்டிபாடி (உடலையே தாக்கும் எதிர்ப்புப் புரதங்கள்) ரிப்போர்ட்டையும் எடுத்துப் பாருங்கள்: ஜோ-1, எம்டிஏ-5 இருந்தால் நுரையீரல் மேல் கண் வேண்டும், ஏஎம்ஏ இருந்தால் இதயத்தின் மேல்.

இதயத்தில் அழற்சி என்று உறுதியானால் ஸ்டீராய்டைக் கூட்டுவார்கள், வேறு எதிர்ப்புசக்தி அடக்கும் மருந்தோ ஐவிஐஜி-யோ (நரம்பு வழி ஏற்றும் ஆன்டிபாடி மருந்து) சேர்க்கலாம், கூடவே இதயத்துக்கான மாத்திரைகளும் வரும். இதய மருத்துவரும் ருமட்டாலஜிஸ்டும் (மூட்டு, தசை அழற்சி நோய்களுக்கான மருத்துவர்) ஒருவரோடு ஒருவர் போனிலாவது பேச வேண்டும், அதை நீங்களே வற்புறுத்துங்கள். கொழுப்புக்கு ஸ்டாட்டின் எழுதினால் தொடங்கும் முன் ருமட்டாலஜிஸ்டிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், ஹெச்எம்ஜிசிஆர் என்ற ஆன்டிபாடி இருப்பவர்களுக்கு அது ஆகாது. பயந்துபோய் ஸ்டீராய்டை மட்டும் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள், அது உயிருக்கே ஆபத்தாகலாம்.

நெஞ்சுவலி, மயக்கம், தலைசுற்றலோடு படபடப்பு, படுக்க முடியாத மூச்சுத்திணறல், இதில் எது வந்தாலும் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். உள்ளே நுழைந்ததும் மயோசிட்டிஸ் இருக்கிறது, ஸ்டீராய்டு சாப்பிடுகிறார் என்று சொல்லி, பழைய சிபிகே (தசை சேதத்தைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), ட்ரோபோனின் எண்களைக் காட்டுங்கள், புதிய எண்ணை எதோடு ஒப்பிடுவது என்று அங்கே இருக்கும் டாக்டருக்குத் தெரிய வேண்டும்.