அந்த டியூபைக் காட்டுங்கள்!

வாசகர்களின் சருமக் கேள்விகளுக்குத் தோல் மருத்துவர்கள் பதில் சொல்கிறார்கள்

கேள்வி: இரண்டு வருடமாகத் தொடை இடுக்கிலும் இடுப்பிலும் படர்தாமரை. மெடிக்கல் ஷாப்பில் கொடுக்கும் க்ரீமைத் தடவினால் மூன்றே நாளில் அரிப்பு அடங்குகிறது. விட்டால் முன்பைவிட அதிகமாக வருகிறது. லாரி ஓட்டுகிறேன். இதற்கு முடிவே கிடையாதா?
- வாசகர், நாமக்கல்

பதில்: டியூபின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைப் படித்துப் பாருங்கள். க்ளோட்ரிமசோல் அல்லது மைக்கோனசோல் என்று இருந்தால் அது பூஞ்சைக்கு. ஜென்டாமைசின், நியோமைசின் என்பதெல்லாம் பாக்டீரியாவுக்கு. படர்தாமரைக்கு அது தேவையே இல்லை. க்ளோபெட்டாசோல், பீட்டாமெத்தசோன், பெக்ளோமெத்தசோன் இவற்றில் ஒன்றும் கூடவே இருந்தால், வில்லன் அதுதான். அது ஸ்டீராய்டு.

அரிப்பும் சிவப்பும் பூஞ்சையை எதிர்த்து உங்கள் தோல் போடும் சண்டை. ஸ்டீராய்டு அந்தச் சண்டையை அடக்கிவிடுவதால் உங்களுக்கும் நிம்மதி, பூஞ்சைக்கும் நிம்மதி. அது பாட்டுக்குப் பரவும். வட்டமும் விளிம்பும் கலைந்துபோய், பார்த்தவுடன் படர்தாமரை என்று டாக்டரே சொல்ல முடியாத நிலை வரும். இடுக்கில் தோல் மெல்லியது என்பதால், மாதக்கணக்கில் தடவினால் பிள்ளை பெற்ற வயிற்றில் விழுவது போன்ற வரிகள் விழும். பூஞ்சை போன பிறகும் அந்த வரிகள் போகாது. ஸ்டீராய்டு க்ரீம்கள் பலவற்றைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-ல் மத்திய அரசு உத்தரவு போட்டது. கடை கவுன்டரில் அதற்கு எவ்வளவு மரியாதை என்பது உங்களுக்கே தெரியும்.

டாக்டர் மழுங்கிய கத்தியால் படையின் ஓரத்தைச் சுரண்டி, 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்து மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார். பூஞ்சை ஓரத்தில்தான் வளரும், அதனால் நடுவில் சுரண்டிப் பயனில்லை. முந்தின நாள்வரை பூஞ்சை க்ரீம் தடவிக்கொண்டு போனால், பூஞ்சை இருந்தும் ‘இல்லை’ என்று ரிசல்ட் வரலாம்.

மருந்து விஷயத்துக்கு வருவோம். இன்று இந்தியாவில் பரவியிருப்பது ட்ரைக்கோபைட்டன் இண்டோட்டினியே என்ற வகை. 2020-ல்தான் அதற்குத் தனிப் பெயரே கிடைத்தது. டெர்பினபைன் மாத்திரைக்கு அது பல சமயம் மசிவதில்லை. அதனால் டாக்டர்கள் பெரும்பாலும் இட்ராகோனசோலுக்குப் போகிறார்கள். அந்தக் கேப்ஸ்யூலை வயிறாரச் சாப்பிட்டவுடன் போட வேண்டும். கூடவே ஒமேப்ரசோல், பான்டோப்ரசோல் மாதிரி கேஸ் மாத்திரை போட்டால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது. ‘மாத்திரை வேலை செய்யலை’ என்பவர்களில் பலருக்குச் சிக்கல் இங்கேதான். கல்லீரல் கோளாறு, இதய பலவீனம், கொழுப்புக்கு மாத்திரை என்று ஏதாவது இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள்.

ஸ்டீராய்டு கலக்காத க்ரீமைப் படையின் விளிம்பைத் தாண்டி 2 செ.மீ. வரை தடவ வேண்டும். தோல் தெளிந்த பிறகும் குறைந்தது இரண்டு வாரம் தொடர வேண்டும். பழைய க்ரீமை நிறுத்தியதும் முதல் சில நாள் அரிப்பு கூடும். அங்கேதான் பலர் தோற்று, மறுபடி பழைய டியூபைத் தேடுகிறார்கள். மொத்தம் ஆறு முதல் எட்டு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும்.

நாள் முழுக்க சீட்டில் உட்கார்ந்து வேர்ப்பவருக்கு இறுக்கமான ஜீன்ஸ் ஆகாது. காயாத ஜட்டியைப் போடாதீர்கள். உள்பக்கத்தைத் திருப்பி வெயிலில் காயப்போட்டு, இடுப்புத் தையலில் இஸ்திரி போடுங்கள். வீட்டில் வேறு யாருக்காவது அரிப்பு இருந்தால் அவருக்கும் சேர்த்தே வைத்தியம் பார்க்க வேண்டும். துண்டு ஆளுக்கொன்று.

கேள்வி: இரண்டு மணி நேரம் காத்திருந்தால் இரண்டு நிமிடம்தான் பார்க்கிறார்கள். அந்த நேரத்தை எப்படிப் பயன்படுத்துவது?
- வாசகி, ஈரோடு

பதில்: இதுவரை தடவிய டியூப் எல்லாவற்றையும், காலியானதையும்கூட, ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். ‘வெள்ளை க்ரீம், பச்சை மூடி’ என்று சொன்னால் எங்களுக்குப் பிடிபடாது. மேக்கப், நெயில் பாலிஷ், தேங்காய் எண்ணெய் எதுவும் அன்று வேண்டாம். வந்து வந்து மறையும் தடிப்பு என்றால், வந்த அன்றே ஜன்னல் வெளிச்சத்தில் போட்டோ எடுத்து வையுங்கள். சுகர், பிரஷர், வலிப்பு என்று சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலும் வேண்டும்.

எழுந்திருக்கும் முன் ‘எவ்வளவு தடவணும், எத்தனை நாள்?’ என்று கேட்காமல் வராதீர்கள். அளவுக்கு ஒரு கணக்கு உண்டு. ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்புவரை பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம். பெரியவர் ஒருவரின் விரல்களோடு சேர்ந்த இரண்டு உள்ளங்கை பரப்புக்கு அது போதும். முகமும் கழுத்தும் சேர்த்து இந்த அளவில் இரண்டரை மடங்கு, ஒரு கைக்கு மூன்று, ஒரு காலுக்கு ஆறு. இரண்டு காலிலும் ஒருமுறை தடவவே ஆறு கிராம் ஆகும் என்றால், 15 கிராம் டியூபை ஒரு மாதம் ஓட்டுபவருக்கு நோய் எப்படிக் குறையும்?

கேள்வி: பிளஸ் டூ படிக்கும் என் மகளுக்கு ஓவியத்திலும் போட்டோ எடுப்பதிலும் ஆர்வம். ஸ்கின் டாக்டர் ஆக வேண்டும் என்கிறாள். எமர்ஜென்சி இல்லாத, நிம்மதியான துறை என்கிறார்களே?
- வாசகர், கும்பகோணம்

பதில்: நீட் எழுதி எம்.பி.பி.எஸ். நாலரை ஆண்டு, ஹவுஸ் சர்ஜன் ஓராண்டு. பிறகு முதுநிலை நீட், அதன்பின் தோல் மருத்துவத்தில் மூன்றாண்டு எம்.டி. அல்லது அதற்கு இணையான டி.என்.பி. பட்டம். வழியில் ஒரு தேர்வுகூடத் தடுக்காவிட்டால் எட்டரை ஆண்டு. இடங்கள் குறைவு, போட்டி கடுமை. பல இடங்கள் ரேங்க் பட்டியலின் முன்வரிசையிலேயே தீர்ந்துவிடும்.

அழகு சிகிச்சைதான் படிப்பு என்று நினைத்து வந்தால் ஏமாற்றம். பட்டத்தின் பெயரே தோல், பால்வினை நோய், தொழுநோய் மூன்றும் சேர்ந்தது. 1986-ல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்று சென்னையில், மெட்ராஸ் மருத்துவக் கல்லூரி டாக்டர்களின் ஆய்வில்தான் கண்டறியப்பட்டது. வேலூர் பக்கத்தில் கரிகிரியில் தொழுநோய்க்கென்றே தொடங்கிய மருத்துவமனை இருக்கிறது. எமர்ஜென்சியும் உண்டு. வலிப்பு மாத்திரையோ, சல்பா மருந்தோ, யூரிக் அமிலத்துக்குத் தரும் அலோபியூரினாலோ ஒத்துக்கொள்ளாமல், உடம்பில் 30 சதவீதத்துக்கு மேல் தோல் உரிந்து வருபவர் உயிர் பிழைப்பது அந்த இரவு பார்க்கும் டாக்டரின் கையில் இருக்கிறது.

ஓவிய ஆர்வம் வீண் போகாது. மேடா தட்டையா, விளிம்பு கூர்மையா மங்கலா, செதில் ஓரத்திலா நடுவிலா என்று பார்த்துச் சொல்வதில்தான் இந்த வைத்தியம் ஆரம்பிக்கிறது. கலர் போட்டோ இல்லாத காலத்தில் பாரிஸின் செயின்ட் லூயி மருத்துவமனை, காகிதக்கூழில் பழப் பொம்மை செய்துகொண்டிருந்த பாரெட்டா என்பவரை அழைத்துவந்து நோயாளிகளின் தோலை மெழுகில் வார்க்க வைத்தது. அந்த வார்ப்புகள் இன்றும் அங்கே அருங்காட்சியகமாக இருக்கின்றன. மகளிடம் ஒன்று மட்டும் கேட்டுப் பாருங்கள்: வருடக்கணக்கில் குணமாகாத சொரியாசிஸ்காரர் பத்தாவது தடவை வந்து அதே கேள்வியைக் கேட்டால் முகம் சுளிக்காமல் பதில் சொல்வாளா?

கேள்வி: கன்னத்தில் மங்கு. பார்லரில் கொடுத்த பெயர் ஒட்டாத க்ரீமில் முகம் பளிச்சென்று ஆனது. இப்போது வெயில் பட்டாலே எரிகிறது.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: லேபிள் இல்லாத க்ரீமில் ஸ்டீராய்டு இருக்கலாம், பாதரசமும் இருக்கலாம். 2023-ல் கேரளத்தின் மலப்புரத்தில் இத்தகைய க்ரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரகம் பாதித்தது கண்டறியப்பட்டது. உடனே நிறுத்துங்கள். சிறுநீரில் புரதம் போகிறதா என்று ஒரு டெஸ்ட் எடுங்கள். நிறுத்தியதும் முகம் சிவந்து பருக்கள் கிளம்பும், பயப்படாமல் டாக்டரிடம் போங்கள். மங்குக்குக் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் காரணம் என்பதால், இரும்பு ஆக்சைடு கலந்த நிறமுள்ள சன்ஸ்கிரீனே நல்லது. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கி, முகம் கழுத்து முழுக்கப் பூச வேண்டும்.

கேள்வி: ஆறு வயதுப் பையனின் கன்னத்தில் வெளிறிய தேமல். பூச்சி மாத்திரை கொடுக்கலாமா?
- வாசகி, திருவாரூர்

பதில்: இதற்கும் வயிற்றுப் பூச்சிக்கும் சம்பந்தமில்லை. லேசான செதிலோடு மங்கலாக இருந்தால் பெரும்பாலும் வறட்சித் தேமல்தான். குளித்தவுடன் ஈரப்பதக் க்ரீம் பூசுங்கள், சில மாதங்களில் தானாக மறையும். உடம்பில் வேறு எங்காவது தொட்டால் தெரியாத வெளிர் படை இருந்தால் அது தொழுநோயாக இருக்கலாம், அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். முகத்துப் படையில் உணர்ச்சி இருக்கிறது என்பதை மட்டும் வைத்துத் தொழுநோய் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது, ஏனென்றால் அங்கே நரம்புகள் அதிகம். அப்படியே இருந்தாலும் வகையைப் பொறுத்து ஆறு அல்லது பன்னிரண்டு மாதம் கூட்டு மருந்து, இலவசம்.