மருத்துவர் பதில்: மகளிடமிருந்து கைபேசியைப் பிடுங்கிவிடலாமா?

கேள்வி: கம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் வசிக்கிறோம். விடியற்காலை ஐந்து மணி ஜீப்பில் குமுளிக்கு மேலே ஏலத்தோட்ட வேலைக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வீடு திரும்புவேன். கணவருக்குத் திருப்பூரில் வேலை. பத்தாம் வகுப்புப் படிக்கும் 15 வயது மகள் இரவு ஒரு மணி வரை இன்ஸ்டாகிராம் பார்க்கிறாள். காலையில் தலைவலி என்கிறாள், சாப்பிடாமல் பள்ளிக்குப் போகிறாள், மதிப்பெண் குறைந்துவிட்டது, எதைக் கேட்டாலும் எரிந்து விழுகிறாள். ஒரு நாளைக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் பார்த்தால் மனநோய் வரும் என்று ஆராய்ச்சியில் கண்டுபிடித்திருப்பதாகக் கொழுந்தனார் ஒரு வீடியோ அனுப்பினார். போனைப் பிடுங்கி உடைத்துப் போடச் சொல்கிறார். அப்படிச் செய்யலாமா? போன மாதம் ஓர் இரவு அழுதுகொண்டிருந்தாள், காரணம் சொல்லவில்லை. அவள் போட்ட படத்துக்குக் கீழே யாரோ மலையாளத்தில் 'கறும்பி' (கறுப்பி) என்று எழுதியிருந்ததாகச் சின்னவன் சொன்னான்.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் நீங்கள் எழுதியிருக்கும் அந்த இரண்டு வரிகள்தாம் ஒரு மருத்துவனாக என்னை நிறுத்திப் படிக்க வைத்தன. அவற்றுக்கு வருவதற்கு முன் கொழுந்தனார் அனுப்பிய வீடியோவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் பாதி உண்மை இருக்கிறது. பாதி உண்மையை வைத்துக்கொண்டு வீட்டில் முடிவெடுத்தால் பிள்ளைக்குத்தான் சிரமம்.

மூன்று மணி நேரம் என்ற கணக்கு அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கே 12 முதல் 15 வயது வரையுள்ள 6,595 பிள்ளைகளைப் பின்தொடர்ந்து 2019இல் வெளியான ஓர் ஆய்வில், நாள்தோறும் மூன்று மணி நேரத்துக்கு மேல் சமூக வலைத்தளங்களில் செலவிட்டவர்களிடம் மனச்சோர்வு, பதற்றம் போன்ற அறிகுறிகள் தென்படும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்காக இருந்தது. அமெரிக்க அரசின் தலைமை மருத்துவராக இருந்த விவேக் மூர்த்தி 2023 மே மாதம் வெளியிட்ட அறிக்கையில் இதைக் குறிப்பிட்ட பிறகுதான் அது உலகெங்கும் பரவியது. அறிகுறிகள் தென்படும் வாய்ப்புக் கூடுகிறது என்பது வேறு, மனநோய் வரும் என்பது வேறு. ஏற்கெனவே மனம் வாடியிருக்கும் பிள்ளை வேறு போக்கிடம் இல்லாமல் கைபேசிக்குள் புகுந்துகொள்வதும் உண்டு என்பதால், எது முதலில் வந்தது என்பதை மணிக்கணக்கை மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது.

இதே 2019இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஏமி ஓர்பனும் ஆண்ட்ரூ பிரிஸ்பில்ஸ்கியும் மூன்று பெரிய கணக்கெடுப்புகளிலிருந்து 3,55,358 இளையோரின் விவரங்களை எடுத்து அலசினார்கள். பிள்ளைகளின் மனநலத்தில் ஒருவருக்கொருவர் காணப்படும் வேறுபாட்டில் டிஜிட்டல் சாதனங்களால் விளங்குவது அதிகபட்சம் 0.4 விழுக்காடுதான் என்று அவர்களுக்குத் தெரியவந்தது. உருளைக்கிழங்கு சாப்பிடுவதற்கும் மனநலத்துக்கும் உள்ள தொடர்பும் ஏறத்தாழ அந்த அளவில்தான் இருந்தது என்று அவர்கள் எழுதியதை வைத்துப் பலர் கைபேசியால் ஒரு கெடுதலும் இல்லை என்று பேசத் தொடங்கினார்கள். அதுவும் அவசர முடிவுதான், ஏனென்றால் அது எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்துப் பார்த்த சராசரிக் கணக்கு. நீங்கள் ஜீப்பில் மேலே ஏறும் நாள்களை நினைத்துப் பாருங்கள்: கம்பத்தில் சுள்ளென்று வெயில் அடிக்கும், குமுளியில் இறங்கினால் குடை வேண்டும். இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்து 'இன்று லேசான தூறல்' என்று சொன்னால் அது எந்த ஊருக்குப் பொருந்தும்?

ஆகவே அண்மை ஆண்டுகளில் ஆராய்ச்சியின் போக்கே மாறிவிட்டது. எத்தனை மணி நேரம் என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள் இப்போது எந்தப் பிள்ளை, எந்த வயதில், எதைப் பார்க்கிறது, அதனால் எதை இழக்கிறது என்று கேட்கிறார்கள். நெதர்லாந்தில் 63 பிள்ளைகளிடம் ஒரு வாரம், நாளுக்கு ஆறு முறை, அப்போதைய மனநிலையைக் கேட்டுப் பதிந்த ஆய்வொன்று 2020இல் வெளிவந்தது. பிறர் பதிவுகளை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்த பிறகு 46 விழுக்காட்டினர் கொஞ்சம் உற்சாகமாக இருந்தார்கள், 44 விழுக்காட்டினரிடம் மாற்றமே இல்லை, 10 விழுக்காட்டினர் வாடிப்போனார்கள். உங்கள் மகள் அந்தப் பத்தில் ஒருத்தியா என்பதுதான் நமக்கு வேண்டிய கேள்வி. 2025இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த ஆய்வு இன்னும் தெளிவானது. 4,285 பிள்ளைகளைப் பல ஆண்டுகள் கவனித்ததில், 10 வயதில் எத்தனை மணி நேரம் திரை பார்த்தார்கள் என்பது பிற்காலத் தற்கொலை எண்ணங்களோடு தொடர்புபடவில்லை. விட நினைத்தும் விட முடியாமை, கையில் இல்லாவிட்டால் தவிப்பு, மற்ற கவலைகளை மறப்பதற்காகவே அதை எடுப்பது ஆகியவை ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போன பிள்ளைகளிடம்தான் அந்த ஆபத்து இரண்டு மூன்று மடங்காக இருந்தது.

உங்கள் வீட்டுக்கு மிக நெருக்கமாகத் தோன்றுவது, லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் இங்கிலாந்தில் ஏறத்தாழ 10,000 வளரிளம் பருவத்தினரைக் கொண்டு நடத்திய 2019ஆம் ஆண்டு ஆய்வு. சமூக வலைத்தளத்தை அடிக்கடி பார்ப்பதோடு சேர்ந்து வந்த மன உளைச்சலில், பெண்பிள்ளைகளைப் பொறுத்தவரை சுமார் 60 விழுக்காட்டைத் தூக்கக் குறைவு, இணையத்தில் கேலிக்கும் மிரட்டலுக்கும் ஆளாவது, ஓடியாடுவது குறைவது ஆகியவற்றைக் கொண்டே விளக்க முடிந்தது. ஆண்பிள்ளைகளிடம் இது 12 விழுக்காடுதான். தூக்கமும் கேலியும்: உங்கள் கடிதத்தில் இரண்டுமே இருக்கின்றன.

முதலில் தூக்கம். 13 முதல் 18 வயது வரை நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேரம் தூங்க வேண்டும். உங்கள் மகள் ஒரு மணிக்குப் படுக்கிறாள். ஐந்து மணி ஜீப்பைப் பிடிக்க நீங்கள் நான்கு மணிக்கே எழுந்து விளக்கைப் போட்டு அடுப்பைப் பற்றவைத்திருப்பீர்கள். ஒரே அறையில் எல்லோரும் படுக்கும் வீடு என்றால், தொடர்ச்சியாக அவளுக்குக் கிடைப்பது மூன்று மணி நேரத் தூக்கம். காலைத் தலைவலி, பசியின்மை, சிடுசிடுப்பு, பாடம் மனத்தில் நிற்காமை ஆகிய நான்கையும் உண்டாக்க இது ஒன்றே போதும். ஏன் ஒரு மணி வரை விழித்திருக்கிறாள் என்று கேட்டிருக்கிறீர்களா? என்னிடம் வரும் பிள்ளைகளிடம் கேட்டபோது நான் எதிர்பாராத ஒரு பதில் கிடைத்தது. தினசரி டேட்டா சாயங்காலமே தீர்ந்துவிடுகிறது, நள்ளிரவு 12 மணிக்கு அடுத்த நாள் கணக்கு திறக்கிறது, அதற்காகவே முழித்திருக்கிறோம் என்றார்கள். எந்த ஆராய்ச்சிக் கட்டுரையிலும் நான் இதைப் படித்ததில்லை.

கைபேசியை உடைக்க வேண்டாம். திருப்பூரில் இருக்கும் தந்தையின் முகத்தைப் பிள்ளைகள் பார்ப்பது அதில்தான். பள்ளியிலிருந்து வீட்டுப்பாடம் வருவதும் அதில்தான் இருக்கும். இரவில் அது எங்கே இருக்கிறது என்பதை மட்டும் மாற்றுங்கள். வீட்டில் நான்கு மணிக்கு அலாரம் தேவைப்படுவது உங்களுக்குத்தான். ஆகவே அது உங்கள் தலைமாட்டில் இருப்பதற்கு நியாயமான காரணம் இருக்கிறது, அவளுக்கும் தண்டனையாகத் தோன்றாது. முதல் வாரம் பன்னிரண்டு மணி, அடுத்த வாரம் பதினொன்றரை என்று படிப்படியாகப் பத்து மணிக்குக் கொண்டுவாருங்கள். ஒரேயடியாக நிறுத்தினால்தான் பலன் என்பதும் இல்லை. அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 143 மாணவர்களைக் கொண்டு நடந்து 2018இல் வெளியான சோதனையில், மூன்று வாரம் நாளுக்கு மொத்தம் 30 நிமிடமாகக் குறைத்துக்கொண்டவர்களிடமே தனிமையுணர்வும் சோர்வும் குறைந்தன. அவர்கள் கல்லூரி மாணவர்கள் என்பதால் உங்கள் மகளுக்கு அப்படியே பொருத்தாமல், குறைத்தாலும் பலன் உண்டு என்பதற்கு மட்டும் அதை எடுத்துக்கொள்ளலாம்.

இனி அந்தச் சொல். 'கறும்பி' என்பதை மலையாளத்தில் செல்லமாகவும் சொல்வார்கள், கேலியாகவும் சொல்வார்கள் என்பது தோட்டத்தில் வேலை செய்யும் உங்களுக்கே தெரியும். அன்றிரவு உங்கள் மகள் அழுததும் அந்தச் சொல்லும் ஒன்றுக்கொன்று தொடர்புடையவையா என்பதை அவளிடமே கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இன்ஸ்டாகிராமில் முகத்தை வெளுப்பாக்கிக் காட்டும் ஃபில்டர் இருக்கிறது. போன ஆண்டு என்னிடம் வந்த ஒரு மாணவி தன் கைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டி, ஒரு விரலால் அந்த ஃபில்டரை வைப்பதும் எடுப்பதுமாகக் காட்டி, "சார், இது நான், இதுவும் நான், இதுக்கு மட்டும்தான் லைக் வருது" என்றாள். அவள் கன்னம் இரண்டும் சிவந்து, மெல்லிய ரத்தக் குழாய்கள் தெரிந்தன. ரீல்ஸில் பார்த்து மருந்துக் கடையில் வாங்கிய, ஸ்டீராய்டு கலந்த களிம்பை ஆறு மாதமாகப் பூசியிருந்தாள். மொமெட்டசோன், ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின் மூன்றும் சேர்ந்த இத்தகைய களிம்புகள் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கப்படக் கூடாதவை. தொடர்ந்து பூசினால் தோல் மெலியும், பருவும் முடியும் கிளம்பும். திடீரென்று விட்டாலும் முகம் எரியும். உங்கள் மகளின் கண்ணாடி அலமாரியில் அப்படி ஏதேனும் டியூப் இருந்தால், தூக்கி எறியாமல் மருத்துவரிடம் கொண்டுவாருங்கள். காலை உணவைத் தவிர்ப்பது பசியின்மையால்தானா, மெலிய வேண்டும் என்பதாலா என்பதையும் மெதுவாகக் கேட்டறியுங்கள்.

கேலி எழுதியவனைத் தேடிப் போய்ச் சண்டையிடுவதற்கு முன், அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். கைபேசியை உடைத்துவிட்டால் இந்தச் சான்றும் போய்விடும். பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கான கணக்கு முறை இந்தியாவிலும் 2025 முதல் இன்ஸ்டாகிராமில் வந்திருக்கிறது. தெரியாதவர்கள் பார்க்க முடியாதபடி கணக்கு தானாகவே பூட்டியிருக்கும், இரவு 10 முதல் காலை 7 வரை அறிவிப்புகள் ஒலிக்காது, 16 வயதுக்குக் கீழே உள்ளவர் இவற்றைத் தளர்த்தப் பெற்றோர் அனுமதி வேண்டும். ஆனால் வயதைக் கூட்டிப் போட்டிருந்தால் இவை செயல்படாமல் போகலாம்; பல பிள்ளைகள் கூட்டித்தான் போட்டிருக்கிறார்கள். புண்படுத்தும் சொற்களை நாமே பட்டியலிட்டு மறைக்கும் வசதியும் அதில் உண்டு. அந்தச் சொல்லைத் தமிழிலும் மலையாளத்திலும் ஆங்கில எழுத்திலும் மூன்று விதமாகச் சேர்க்கச் சொல்லுங்கள். கேலி மிரட்டலாக மாறினாலோ, படத்தை மாற்றிப் பரப்புவதாக யாரேனும் சொன்னாலோ, 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழையுங்கள்.

ஆஸ்திரேலியாவில் 16 வயதுக்குக் கீழே கணக்கே கூடாது என்ற சட்டம் 2025 டிசம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்ததைக் கொழுந்தனார் சுட்டிக்காட்டக் கூடும். அந்தச் சட்டத்தில் அபராதம் நிறுவனங்களுக்குத்தான். பிள்ளைக்கும் தாய்க்கும் இல்லை.

எல்லாவற்றையும் கைபேசியின் தலையில் கட்டிவிடவும் கூடாது. 2019-21ஆம் ஆண்டு தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருக்கிறது. அசதி, தலைவலி, கவனக்குறைவு, எரிச்சல் ஆகியவை அதற்கும் அறிகுறிகள்தாம். பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையை விழுங்குகிறாளா, வயிறு குமட்டுகிறது என்று பையில் போட்டு வைத்திருக்கிறாளா என்று பாருங்கள். ஹீமோகுளோபின், தைராய்டு, கண் பார்வை மூன்றையும் அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் சோதித்துக்கொள்ளலாம்.

சாக வேண்டும் போலிருக்கிறது என்று அவள் வாய்விட்டுச் சொன்னாலோ, தன்னைக் காயப்படுத்திக்கொண்ட தழும்பு தெரிந்தாலோ, ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற இலவச எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். அன்றைக்கே அவளை மருத்துவமனைக்கு அழைத்து வரவும் வேண்டும். வயலுக்கோ தோட்டத்துக்கோ வாங்கிய பூச்சிமருந்து வீட்டில் இருந்தால், இந்தக் கடிதத்தைப் படித்த கையோடு அதை வெளியேற்றுங்கள்.

அப்படி எதுவும் இல்லாவிட்டாலும், ஒரு நாள் கூலி போனாலும் பரவாயில்லை என்று இந்த மாதத்துக்குள் அவளோடு ஒருமுறை மருத்துவமனைக்கு வாருங்கள். முதல் கால் மணி நேரம் மருத்துவர் அவளிடம் தனியாகப் பேச வேண்டியிருக்கும். பெண் செவிலியர் உடன் இருப்பார், நீங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருங்கள். பஸ்ஸில் திரும்பும்போது உள்ளே என்ன சொன்னாய் என்று கேட்காதீர்கள்.