எழுபது வயதில் திடீர்ப் பல் சொத்தை ஏன்?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 72. அறுபது வயதுவரை ஒரு பல்லில்கூடச் சொத்தை கிடையாது. இந்த இரண்டு வருடத்தில் நான்கு பற்கள் அரித்துவிட்டன, நான்குமே ஈறை ஒட்டிய இடத்தில். தினமும் காலையில் ஒழுங்காகப் பல் துலக்குகிறார். ரத்த அழுத்தம், தூக்கம், அடிக்கடி சிறுநீர் போவது என்று மூன்றுக்கும் மாத்திரை எடுக்கிறார். வாய் காய்கிறது என்று எந்நேரமும் ஒரு மிட்டாயை வாயில் அடக்கிக்கொள்கிறார். வயதானால் இப்படித்தான் என்று விட்டுவிடலாமா?

பதில்: விட்டுவிடாதீர்கள். நீங்கள் போகிற போக்கில் சொன்ன அந்த மிட்டாயிலும் மாத்திரைகளிலும்தான் விடை இருக்கிறது.

அம்மாவுக்கு வந்திருப்பது வேர்ச் சொத்தையாக இருக்க வாய்ப்பு அதிகம். வயது ஏற ஏற, ஈறு நோயாலோ அழுத்தித் துலக்கியதாலோ, ஈறு கீழிறங்கிப் பல்லின் வேர் வெளியே தெரியும். வேருக்கு எனாமல் கவசம் கிடையாது. வாயின் பிஹெச் அளவு (இது குறையக் குறைய அமிலத்தன்மை கூடும்) 5.5-க்குக் கீழே இறங்கினால்தான் எனாமல் கரையும். வேரோ 6-க்கு மேலே இருக்கும்போதே கரையத் தொடங்கிவிடும். லேசான அமிலமே போதும்.

அந்த அமிலத்தை ஆற்றுவது உமிழ்நீர். அது உணவுத் துணுக்கைக் கழுவும், அமிலத்தை முறிக்கும், கரைந்துபோன கால்சியத்தைப் பல்லுக்குத் திருப்பித் தரும். சிறுநீர்ப்பைக்கான மாத்திரைகள், ஒவ்வாமை மருந்துகள், மன அழுத்த மருந்துகள், சில தூக்க மாத்திரைகள், ரத்த அழுத்தத்துக்காக நீர் பிரிய வைக்கும் மாத்திரைகள் எனப் பலவும் உமிழ்நீரைக் குறைக்கும் அல்லது வாயைக் காயவைக்கும். இரண்டு மூன்று சேரும்போது பாதிப்பு கூடும். இப்படிப்பட்டவர்களைப் பரிசோதிக்கும்போது, பல் மருத்துவர்களான எங்கள் சிறு கண்ணாடி கன்னத்தின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டு நகர மறுக்கும். வீட்டில் நீங்கள் கவனிக்க வேண்டியது: உலர்ந்த பிஸ்கட்டைத் தண்ணீர் இல்லாமல் அம்மாவால் விழுங்க முடிகிறதா?

காய்ந்த வாயில் சர்க்கரை மிட்டாயை அடக்கினால், வாய்க் கிருமிகள் அந்தச் சர்க்கரையை அமிலமாக்கும்; வேர்கள் நாள் முழுக்க அதில் ஊறும். எவ்வளவு இனிப்பு என்பதைவிட எத்தனை தடவை என்பதுதான் இங்கே முக்கியம். இருமல் மிட்டாயும் சிரப்பும் இதே கணக்குத்தான்.

ஆனால் மாத்திரைகளை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், தயவுசெய்து. முழுப் பட்டியலையும் எழுதி எடுத்துப்போய், வாய் காய்வதைச் சொல்லி, அளவையோ மருந்தையோ மாற்ற முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

மிட்டாய்க்குப் பதில் அடிக்கடி ஒரு வாய் தண்ணீர், அல்லது சர்க்கரை இல்லாத சூயிங்கம். புளிப்புச் சுவை கொண்டது வேண்டாம். அதன் அமிலமே வேரைக் கரைக்கும். காலையில் துலக்குவதோடு படுக்கும் முன்பும் கட்டாயம் துலக்க வேண்டும், ஏனெனில் தூக்கத்தில் உமிழ்நீர் இன்னும் குறையும். துலக்கிய பின் நுரையைத் துப்பினால் போதும். தண்ணீரால் கொப்பளித்தால், பற்பசையில் இருக்கும், பல்லைச் சொத்தையிலிருந்து காக்கும் ஃபுளோரைடு போய்விடும். சாதாரணப் பற்பசையில் பெரும்பாலும் 1000 முதல் 1500 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) ஃபுளோரைடு இருக்கும். அம்மாவைப் போன்றவர்களுக்கு 5000 பிபிஎம் பசையைப் பல் மருத்துவர் எழுதித் தரலாம். விரல் மூட்டு வலி இருந்தால் பிரஷ்ஷின் கைப்பிடியில் துணி சுற்றித் தடிமனாக்குங்கள், பிடி நழுவாது. கழற்றி மாட்டும் பல்செட் இருந்தால், அதன் கம்பி பிடித்திருக்கும் பற்களைத் தனியாகக் கவனியுங்கள். சொத்தை முதலில் அங்கேதான் பிடிக்கும்.

வலி வரட்டும், பார்க்கலாம் என்று காத்திருப்பதுதான் நான் அதிகம் வருத்தப்படும் தவறு. வயதானால் பல்லுக்குள் நரம்பு இருக்கும் அறை சுருங்கிவிடும். சொத்தை ஆழமாகப் போனாலும் வலி தெரியாமல் போகலாம். சாப்பிடும்போது பல் ஈறு மட்டத்தில் முறிந்து கையில் வந்த பிறகே பலர் வருகிறார்கள். உதட்டை விலக்கி, டார்ச் அடித்து, ஈறின் ஓரத்தைப் பாருங்கள். மஞ்சளோ பழுப்போ படர்ந்த பட்டை தெரிந்தால் உடனே காட்டுங்கள்.

ஆரம்ப நிலையில் இருந்தால் துளைக்காமலே தடுக்கலாம். சில மாதங்களுக்கு ஒருமுறை ஃபுளோரைடு வார்னிஷ் பூசுவோம். நாற்காலியில் நெடுநேரம் உட்கார முடியாதவர்களுக்கு வெள்ளி கலந்த ஃபுளோரைடு திரவத்தைத் தொட்டு வைப்பதும் உண்டு. அது பட்ட சொத்தை கறுத்துவிடும், அதனால் முன்பற்களில் வைக்கும் முன் அம்மாவிடம் சொல்லி, அவர் சரி என்ற பிறகே வைக்க வேண்டும்.